பட்டாளத்துத் தாத்தாவுக்கு ஒரு பூசை



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம். 2-ந் தேதி கல்லறைத் திருநாள். மதுரை நகரிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றுவீர்கள். உங்களில் சிலர் ஒரு பட்டாளத்துத் தாத்தாவின் கல்லறை முன் முழந்தாளிடுவீர்கள். அவர் போய் எத்தனை வருஷமானாலும் "பட்டாளத்தார் வீடு" என்றால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். அந்தத் தாத்தாவை எப்படி நினைக்கவேண்டும் என்று இவ்வாரம் சற்றுத் தியானிப்போம்.

1939-ல் இந்தியச் சேனையில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1945-க்குள் அது 25 லட்சமாயிற்று. மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். பர்மாக் காட்டிலும், வட ஆப்பிரிக்க மணலிலும், இத்தாலிய மலைகளிலும் நின்றார்கள். 87,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். பிறகு 1962, 1965, 1971-ம் ஆண்டுப் போர்கள் வந்தன. 1971-ல் இருபது வயதில் துப்பாக்கி ஏந்தியவர், இன்று எழுபதைத் தாண்டிய தாத்தா.

மதராஸ் ரெஜிமென்டின் போர்க்குரல், "வீர மதராசி, அடி கொல்லு" என்பது. அந்தக் குரலெழுப்பிப் பாய்ந்த அதே வாய், ஊர் திரும்பியபின் திண்ணையில் அமர்ந்து அருள்நிறை மந்திரம் சொல்லிற்று. பேரப்பிள்ளைகள் கதை கேட்டால், குளிரைப் பற்றிச் சொல்வார். கப்பலைப் பற்றிச் சொல்வார். கோதுமை ரொட்டி தின்று அலுத்ததைச் சொல்லிச் சிரிப்பார். போரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "போய்ப் படி" என்பார். ஏன்?

ஒரு மெய்யான சம்பவம் கேளுங்கள். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படையினர். 1944-ம் ஆண்டு இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில் இவர் கூட்டத்தார் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தனர். ஒரு கண்ணி வெடிக்கப்போவதைக் கண்டார். நண்பர்களைக் காக்க அதன்மேல் தம் உடலைப் போட்டார். அவர் மாண்டார், சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது.

சுப்பிரமணியன் பெயரைச் சரித்திரம் எழுதிவைத்தது. சுற்றி நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். இவ்விதம் பிழைத்தவர் ஊருக்கு வருவார், கலியாணம் முடிப்பார், தாத்தாவாவார். தம் மடியில் பேரன் உட்காரும்போதெல்லாம், மடியில் பிள்ளையில்லாமல் போன ஒருவன் முகம் அவர் முன் நிற்குமல்லவா? போரில் தம் கையால் மாண்டவர் முகமும் வரக்கூடுமல்லவா? இந்தப் பாரத்தைச் சிறு பிள்ளையிடம் எப்படிச் சொல்வார்? ஆகவே மௌனமானார்.

வேதாகமத்தில் மக்கபே யூதா என்னும் படைத்தலைவரும் இப்படித் திரும்பியவரே. போர் முடிந்து, மாண்ட தம் வீரரை அடக்கம் செய்ய வந்தார். அவர்கள் உடைக்குள் விக்கிரகத் தாயத்துகள் இருக்கக் கண்டார். "பாவிகள்" என்று தூற்றவுமில்லை. "வீரர்கள்" என்று புகழ்ந்து விட்டுவிடவுமில்லை. மன்னிப்புக்காக வேண்டினார். ஏறக்குறைய 2,000 வெள்ளி நாணயம் தண்டி, பாவப் பரிகாரப் பலிக்காக ஜெருசலேமுக்கு அனுப்பினார். மரித்தோருக்காக ஜெபிப்பதற்குத் திருச்சபை காட்டும் முக்கியமான ஆதாரங்களில் இது ஒன்று. அதைச் செய்தவர் ஒரு போர்வீரர்!

பிரியமானவர்களே, நம் குறை இங்கேதான். தாத்தாவைப் புகழ்கிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். "அவரைப்போல் உண்டா? நேரே மோட்சம்தான்" என்கிறோம். சொல்லிவிட்டு ஜெபிக்காமல் இருந்துவிடுகிறோம். மோட்சத்தில் இருப்பவருக்கு ஜெபம் எதற்கு என்ற நினைப்பு! உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம் ஜெபத்துக்காக அவர் காத்திருந்தால் என்ன செய்வது? புகழ்ச்சி நம் மனதுக்கு ஆறுதல்; ஜெபமோ அவர் ஆத்துமத்துக்கு ஆறுதல். அவரை நேசித்தது மெய்யானால், மெடலைத் துடைத்து வைப்பதோடு நிறுத்தாதிருங்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. இம்மாதம் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். அவர் அருகே நின்று மடிந்தவர்களையும், எதிரே நின்று மடிந்தவர்களையும் அதே கருத்தில் சேருங்கள். அது அவர் சொல்லாமல் வைத்துப்போன கடன், பேரப்பிள்ளைகள் தீர்க்கட்டும். பூசையில் தேவநற்கருணை வாங்குமுன் நாம் எல்லோரும் நம் தகுதியின்மையை அறிக்கையிடுகிறோமே, அது கப்பர்நகூமில் ஒரு நூற்றுவர் தலைவன் தன் ஊழியனுக்காகச் சேசுநாதரிடம் வேண்டிய சொல். பட்டாளத்தான் ஒருவனுடைய விசுவாசத்தை ஆண்டவர் வியந்து பேசினார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா இன்னும் உயிரோடிருந்தால் நீங்கள் பாக்கியவான்கள். மாலையில் அரைமணி நேரம் கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு அவரருகே உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால், ஜெபமாலையை எடுத்து, "தாத்தா, உங்கள் கூட்டாளிகளுக்காக ஒரு பத்து மணி சொல்வோமா?" என்று கேளுங்கள். சாமியாரைப் பார்க்க விரும்பினால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். எழுபது வருஷப் பாரமும் நல்ல பாவசங்கீர்த்தனத்தில் இறங்கும்.

கீழவெளி வீதி ஆலயத்தில் நாம் வணங்கும் வியாகுல மாதா, மடிந்த மகனை மடியில் தாங்கிய தாய். போருக்குப் போய்த் திரும்பியவரையும் திரும்பாதவரையும் அத்தாய் தன் குமாரனிடம் ஒப்படைப்பாளாக. மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறக்கடவன. ஆமென்.