சுவரில் மாட்டிய உழைப்பு

பிறர் பட்ட பாடு நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றலாமா? தோன்றினால் அது குற்றமா? எளிதில் விடை கூற இயலாத இவ்வினாவை, ஒரு வகைப் பழைய புகைப்படத்தை முன்வைத்துச் சற்றே சிந்திக்க விழைகிறோம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேளாண் பொருட்காட்சிகளில் ஆட்டு உரோமம் கத்தரிக்கும் போட்டி நடப்பது நெடுநாளைய வழக்கம். அதனைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்களை இன்று பெரிதாக்கிச் சட்டமிட்டு, வரவேற்பறைகளிலும் உணவகங்களிலும் அழகுக்காக மாட்டுகின்றனர். மரமேடையில் முதுகு வளைந்து நிற்கும் ஒரு மனிதர். அவர்தம் முழங்கால்களுக்கிடையே அடங்கிக் கிடக்கும் ஆடு. போர்வைபோல் சரிந்து விழும் உரோமம். சுற்றிலும் தொப்பியணிந்த கூட்டம். காண இனிய காட்சிதான். ஆனால் அம்மனிதரின் பெயர் பெரும்பாலும் படத்தின் கீழ் இருப்பதில்லை.

உழைப்பைச் சுவரில் மாட்டுவதே தவறு என்று நாம் கூறவில்லை. டாம் ராபர்ட்ஸ் என்னும் ஓவியர், நியூ சவுத் வேல்ஸின் கொரோவா அருகே ஒரு பண்ணைக் கொட்டகையில் உரோமம் கத்தரிப்போரைக் கண்டு வரைந்த பேரோவியத்தை 1890-இல் முடித்தார். கூலி வேலை உயர்ந்த கலைக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் அன்று எழுந்தது. விக்டோரியா தேசியக் கலைக்கூடம் அதனை வாங்கியது 1932-இல்தான். ஓவியர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். உழைப்பவனுக்கும் சுவரில் இடம் உண்டு என்பதை உலகம் ஏற்பதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன. ஆதலால் அவ்விடத்தை நாம் பறிக்க வேண்டியதில்லை.

அவ்வோவியத்தின் நடுவே ஒரு சிறுவன் புன்னகையோடு நிற்கிறான். அவன் கையில் இருப்பது தார்ப் பாத்திரம். கத்தரி பட்டு ஆட்டின் தோலில் விழும் காயத்திற்குத் தார் பூசுவது அவன் வேலை. புன்னகை உடனே தெரிகிறது. பாத்திரத்தில் இருப்பது என்னவென்று கேட்பவர் சிலரே.

படம் காட்டுவது ஒரு நொடியை. அந்நொடிக்குப் பின்னால் இருந்த நாளை அது காட்டுவதில்லை. ஜாக்கி ஹோ என்பவர் 1892 அக்டோபர் 10-ஆம் நாள், குயின்ஸ்லாந்தின் ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில், கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளின் உரோமத்தைக் கத்தரித்தார். ஓர் ஆட்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை! அவர் சாதனை படைத்ததால் அவர் பெயர் நிலைத்தது. அவரைப் போலவே, கத்தரித்த ஆடுகளை நூறு நூறாக எண்ணிக் கூலி பெற்ற எத்தனையோ பேரின் பெயர் நிலைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1891-இல், அதே குயின்ஸ்லாந்தில் இத்தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர்களுள் பலர் சதிக் குற்றம் சாட்டப்பெற்று மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். பொருட்காட்சி மேடையில் கிடைத்த கைதட்டலைப் படம் காட்டுகிறது. கொட்டகையின் முதுகுவலியும் கூலி வழக்கும் சட்டத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன.

விவிலியத்திலும் ஓர் உரோமம் கத்தரிக்கும் விழா உண்டு. மூவாயிரம் ஆடுகளுக்கு உரிமையாளனான நாபால், அரசனைப் போல் விருந்து நடத்தினான். ஆனால் தன் ஆயர்களை இரவும் பகலும் காத்து நின்ற தாவீதின் ஆள்கள் வந்து கேட்டபோது, அவர்களை அறியாதவன்போல் பேசித் திருப்பியனுப்பினான் (1 சாமு 25). விழா கொண்டாடியது அவன் குற்றமன்று. அவ்விழாவுக்குப் பின்னால் நின்றவர்களை அறிய மறுத்ததே குற்றம்.

“படத்தில் இருப்பவர்கள் மறைந்து போனார்கள், அவர்களுக்கு இனி என்ன இழப்பு?” என்று ஒருவர் கேட்கலாம். இழப்பு நமக்குத்தான். பெயரின்றி, வலியின்றி மனிதரைப் பார்த்து மகிழப் பழகிய கண், உயிரோடு எதிரே நிற்பவரையும் அவ்வாறே பார்க்கும். தொழில் அருகும்போது அதன் அழகு நமக்குக் கூடித் தெரிவதும் இயல்பு. 1982-இல் நியூசிலாந்தில் ஏழு கோடி ஆடுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உள்ளன. ஆயினும் தொழில் அழிந்துவிடவில்லை. இன்றும் கொட்டகைகளில் முதுகுகள் வளைகின்றன.

நியூசிலாந்தின் மாஸ்டர்டன் நகரில் 1961 முதல் நடந்து வரும் ‘கோல்டன் ஷியர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற போட்டியில் விரைவு மட்டும் வெற்றி தருவதில்லை. மேடையில் கூட்டம் ஆரவாரிக்கும்போதே, பின்புறப் பட்டியில் நடுவர்கள் நின்று, கத்தரித்து அனுப்பிய ஒவ்வோர் ஆட்டையும் சோதிக்கின்றனர். தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அது போட்டியாளரின் கணக்கில் ஏறுகிறது. கூட்டம் காண்பது விரைவை. நடுவர் தேடுவது காயத்தை.

சுவர்ப்படம் நமக்குக் கூட்டத்தின் இருக்கையைத் தருகிறது. மனச்சான்றோ பின்புறப் பட்டிக்கு வருமாறு நம்மை அழைக்கிறது. படம் சுவரிலேயே இருக்கட்டும். அதன் கீழே ஊரையும் ஆண்டையும், தெரிந்தால் அம்மனிதரின் பெயரையும் எழுதி வைப்போம். தெரியாவிடில் ‘பெயர் அறியோம்’ என்றேனும் எழுதுவோம். பிள்ளைகள் வந்து “இவர் யார்?” என்று கேட்கட்டும். அக்கேள்வி எழும் வீட்டில் அந்த மனிதர் வெறும் அலங்காரமாக இருக்கமாட்டார்.