காட்டுப்பூவரசின் சார்பு

நீலகிரியில் அவலாஞ்சிக்கு மேலே, புல்வெளிச் சரிவுகளில் காட்டுப்பூவரசு ஒற்றையாக நிற்கும். சோலை மரங்கள் எல்லாம் பள்ளத்து மடிப்புகளில் ஒதுங்கிவிட, இது மட்டும் வெட்டவெளிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்மேல் படியும் உறைபனியில் சோலைக் கன்றுகள் கருகிப்போகும். கோடையில் புல் தீப்பிடிக்கும். இரண்டையும் தாங்கும் தடித்த பட்டை இதற்கு.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். லீவு கிடைத்தால் கேமராவோடு இந்த மரத்தைத் தேடிப் போவேன். "இவ்ளோ காட்டை விட்டுட்டு ஒத்த மரத்தை எடுக்குறீங்களே, அதுல என்ன சாமி தெரியுதுண்ணே?" என்று கூட வேலை பார்த்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. துறவியைத் தேடுவதுபோல்தான் அந்த மரத்தைத் தேடினேன். யாரையும் அண்டாமல் நிற்பதே உயர்ந்த நிலை என்று நம்பினேன்.

ஆனால் நான் கும்பிடும் சைவம் அப்படிச் சொல்லவில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் வழி. பாசமாகிய கட்டையோ பதியாகிய இறைவனையோ பற்றாமல் உயிருக்கு நிலை கிடையாது. எங்கள் திருமுல்லைவாயில் கோயிலின் தல விருட்சமே கொடிதான். தொண்டைமான் மன்னனின் யானைக் காலைச் சுற்றிய முல்லையை அவன் வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் வந்தது என்பது தலக்கதை. அந்தக் காயத்துக்காகத்தான் மாசிலாமணீஸ்வரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் பழையதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். சாமி இருந்தது புதருக்குள்ளே. அதை அறுத்துத் தள்ளப்போனபோதுதான் அவர்மேல் வாள் பட்டது.

அந்தக் கதையை வைத்துக்கொண்டு மரத்தின் அருகே போய்ப் பார்த்தேன். பட்டை முழுக்கச் சாம்பல்பச்சைப் பாசி தாடியாகத் தொங்குகிறது. தோல்போன்ற இலையைத் திருப்பினால் அடியில் துருநிறப் பூமயிர். சிவப்புப் பூங்கொத்தில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்குகிறது. இதையா தனிமை என்று நினைத்தேன்? தூரத்தில் நின்று, டெலி லென்ஸில் சோலையை வெட்டி எறிந்தது நான். மரத்தின் தனிமை என் சட்டகத்தில் பிறந்தது.

தனிமரத்தைப் படம்பிடிக்கும் ஆசை மரத்தையே கொல்லும். ஜப்பானின் பியேய் ஊரில் 'தத்துவ மரம்' என்று பேர் வாங்கிய ஒரு பாப்ளர் வயலில் நின்றது. படமெடுக்க வந்தவர்கள் வயலை மிதித்தார்கள், சொல்லியும் கேட்கவில்லை. மரமும் மூப்பில் சாய்ந்துகொண்டிருந்தது. 2016 பிப்ரவரியில் வெட்டிவிட்டார்கள்.

நான் பாதையை விட்டு இறங்குவதில்லை, மரம் நிற்கும் சரியான இடத்தையும் சொல்வதில்லை. இப்போது அகல லென்ஸ்தான். சோலை, மேகம், புல் எல்லாம் உள்ளே வருகின்றன. மரம் சின்னதாகிவிடுகிறது என்று கேமரா நண்பர்கள் குறைப்படுகிறார்கள். அந்த மலையில் அதன் அளவு அதுதான்.