குளிசைக்கு இட்ட பெயர்

வயிற்று வலிக்கு மனச்சோர்வுக் குளிசையை உட்கொள்வது முறையாகுமா? வாவியின் இக்கரையிலும் அக்கரையிலும் தாழ்ந்த குரலிலேயே கேட்கப்படும் கேள்வி இது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது வைத்தியர் மட்டுமே விடையளிக்க வேண்டிய ஒன்றாகத் தோன்றும். ஆயினும், குரல் ஏன் தாழ்கின்றது என்று சற்றே சிந்திப்போமாயின், இதனுள் அறநெறி சார்ந்த வினாக்கள் மூன்று இருப்பதைக் காண்போம். இம்மருந்தை எடுப்பது மனவலிமையின் குறைவா? இதன் உண்மைப் பெயரை வைத்தியர் நோயாளியிடம் மறைக்கலாமா? இதை எடுக்க வெட்கப்படுகிறவர் அவ்வெட்கத்தினால் யாரைப் புண்படுத்துகின்றார்?

முதலில் நோயைப் பற்றி அறிவோம். வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கிக் கூறும் குடல் எரிச்சல் நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வந்து வந்து போவது. வயிற்று வலியும் பொருமலும் இருக்கும். சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல், வேறு சிலருக்கு இரண்டும் மாறிமாறி. இரத்தத்தைச் சோதித்தாலும், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தென்படாது. இந்நோய் உயிரைக் கொல்வதில்லை. ஆனால் வாழ்வைச் சுருக்கிவிடும். அம்பிளாந்துறையில் காலையில் பாதை ஏறி அக்கரைக்கு வேலைக்குச் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நடு வாவியில் வயிறு புரட்டினால் என்ன செய்வது என்ற அச்சத்தினால் அவர் ஒன்றும் உண்ணாமலே வீட்டை விட்டுப் புறப்படுவார். கலியாண வீட்டில் பந்தியில் அமராது ஒதுங்கி நிற்பார். "சோதனையில் ஒன்றும் இல்லை" என்ற சொல் அவருக்கு ஆறுதலாக இராது. "உனக்கு வருத்தமே இல்லை" என்பது போலத்தான் காதில் விழும்.

இத்தகையோருக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று அமிட்ரிப்டிலின். 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்குரிய மருந்தாகவே இது அறிமுகமாயிற்று. மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பது வழக்கம். குடல் நோய்க்கோ இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 30 மில்லிகிராம் வரையே உயர்த்துவர். அளவு மாற மருந்தின் பணியும் மாறுகின்றது. தலையிடிக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரின் எடுக்கிறோம். இருதய நோயாளியோ இரத்தம் கட்டியாகாதிருக்க நாள்தோறும் 75 மில்லிகிராம் எடுக்கிறார். அவரைத் தலையிடிக்காரர் என்று எவரும் அழைப்பதில்லை.

குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் உள்ளன. செரட்டோனின் என்னும் இரசாயனப் பொருளை மூளைக்குரியதென்றே பலர் எண்ணுகின்றனர். உடலிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலிலேதான் இருக்கின்றது. குடலும் மூளையும் ஓயாது செய்தி பரிமாறுகின்றன. ஐ.பி.எஸ். நோயாளியிடம் அச்செய்தி மிகைப்பட்டு, சாதாரண வாயுவும் அசைவுமே வலியாக உணரப்படுகின்றன. சிறிதளவு அமிட்ரிப்டிலின் அவ்வலியைத் தணிக்கின்றது. குடலின் வேகத்தையும் சற்றுக் குறைக்கின்றது.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று இதற்குச் சான்று. 463 நோயாளர்களில் ஒரு பாதியினர் அமிட்ரிப்டிலினையும், மறுபாதியினர் மருந்தில்லாத வெறுங் குளிசையையும் 6 மாதங்கள் உட்கொண்டனர். மருந்து எடுத்தோரில் 61 வீதத்தினரும், வெறுங் குளிசை எடுத்தோரில் 45 வீதத்தினரும் சுகம் கண்டதாகக் கூறினர். இம்மருந்து மந்திரமன்று என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. ஆயினும் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரு சாராரின் மனச்சோர்வு, மனப்பதற்ற அளவுகளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, மனம் தேறியதனால் வயிறு தேறிற்று என்று கூறுவதற்கில்லை.

இனி முதலாவது வினாவுக்கு வருவோம். "மனதைத் திடப்படுத்தினால் போதும், செபித்தால் போதும், குளிசை எதற்கு?" என்பார் நம்மிடையே உளர். 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, தம் மரணத்துக்கு ஒரு மாதம் முன்னர், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மன நரம்பு மருந்துகளை ஆராயும் நிபுணர்களுக்கு ஓர் உரை ஆற்றினார். இம்மருந்துகள் நோயாளருக்குத் தரும் பயனை அவர் ஏற்றுக்கொண்டார். உழைத்து வாழும் மனிதனுக்கு இயல்பான அச்சங்களையும் மனச் சிரமங்களையும் தட்டிக்கழிப்பதற்கென்றே அவற்றை நாடுவதைத்தான் கண்டித்தார். பாதை ஏற முடியாமல் தவிக்கும் அத்தாயின் வலி எப்பக்கத்தைச் சேர்ந்ததென்று விளக்க வேண்டியதில்லை. திமோத்தேயுவின் வயிற்று நோயை அறிந்த புனித சின்னப்பரும் செபத்தோடு நிறுத்தவில்லை. சிறிது திராட்சை இரசம் அருந்தும்படி அவருக்கு எழுதினார்.

இரண்டாவது வினா உண்மையைப் பற்றியது. "இது வயிற்றுக்கு நல்ல குளிசை" என்று மட்டும் கூறி அனுப்பும் வைத்தியர்கள் உளர். நோயாளி கலங்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். கிளினிக்கில் காத்திருக்கும் கூட்டத்தில் விளக்கம் கூற நேரமும் இல்லை. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்பது வள்ளுவர் கருத்து. எந்நன்மைக்காகவும் பொய் ஆகாது என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. இவ்விடயத்தில் யார் பக்கம் நிற்பது என்று நாம் தடுமாறத் தேவையில்லை. வள்ளுவர் விதித்த நிபந்தனையே இங்கு நிறைவேறுவதில்லை. பாமசியில் நிற்பவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அல்லது வீட்டில் படிக்கின்ற பிள்ளை போனில் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடும். "மனே, இது விசர்க் குளிசையாம். எனக்கென்ன விசரா?" என்று தாய் கேட்பார். அன்றிரவே குளிசை குப்பைக்குள் போகும். அதனோடு அடுத்த வைத்தியர் மீதுள்ள நம்பிக்கையும் போகும்.

"அம்மா, இது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துதான். உங்களுக்கு நான் அதற்காகத் தரவில்லை. குடல் நரம்பின் வலியைத் தணிக்கச் சிறிய அளவில் தருகிறேன். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் நித்திரை மயக்கம் இருக்கும்." இதைச் சொல்ல ஒரு நிமிடம் வேண்டியதில்லை. தன் உடலுக்குள் செல்வது என்னவென்று அறிவது நோயாளியின் உரிமை. அதை மறைப்பவர், எவ்வளவு அன்போடு மறைத்தாலும், அவரைச் சிறுபிள்ளையாகவே நடத்துகின்றார்.

மூன்றாவது வினாவே கடினமானது. "எனக்கு விசர் இல்லை, இது வயிற்றுக்குத்தான்" என்று கூறி ஒருவர் தம் மானத்தைக் காத்துக்கொள்கிறார். அவர் கூறுவது உண்மை. அஸ்பிரினை உவமை காட்டி நாமும் அதையே விளக்கினோம். ஆனால் அதோடு நின்றுவிட்டால், வயிற்று நோயாளி விடுதலை பெறுவார். உண்மையாகவே மனச்சோர்வுற்று அதே குளிசையைக் கூடிய அளவில் எடுக்கும் அயல்வீட்டுக்காரர் வெட்கத்துக்குள் விடப்படுவார். நீண்ட போரையும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த கடலையும் கண்ட மண் இது. பிள்ளையைப் பறிகொடுத்து நித்திரையின்றித் தவித்தவர்கள் இல்லாத கிராமம் நம்மிடையே உண்டா? "எனக்கென்ன விசரா?" என்று நாம் உரத்துக் கேட்கும்போது வேலிக்கு அப்பால் அவர்களுக்கும் அது கேட்கின்றது. அவர்கள் தம் குளிசையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்கள்?

நம் வாவியே இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை நெடுங்காலம் இருந்தது. 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கையில் நடைமுறைக்கு வந்து, தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. நோய் குணமான பின்னும் அதன் பெயர் மனிதரை விடவில்லை. அங்கொடை என்ற ஊர்ப் பெயரும் அவ்வாறே அங்கிருந்த மனநோய் வைத்தியசாலையால் நம் வாயில் வசைச் சொல்லாயிற்று. கிருமியினால் வந்த துன்பத்தை மருந்து நீக்கும். சொல்லினால் வந்த துன்பத்தை நீக்க வேண்டியவர்கள் நாம்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே இம்மருந்தை வாங்கி உட்கொள்ளலாகாது. இருதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளோருக்கு இது தீங்காகலாம். அளவுக்கு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சிறுவர் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும். வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்தவும் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை, 50 வயதின் பின் புதிதாகத் தொடங்கிய கோளாறு ஆகியன இருப்பின், வேறு நோய் உண்டா என்று முதலில் சோதித்தறிய வேண்டும்.

வைத்தியர் தக்க காரணத்தோடு தருவாராயின், பெயரை அறிந்தே அதை எடுங்கள். எதற்கென்று யாரும் கேட்டால் "வயிற்றுக்கு" என்று கூறுங்கள்; அதுவே உண்மை. ஆனால் "விசருக்கல்ல" என்ற சொல்லை மட்டும் அதனோடு சேர்க்காதீர்கள்.