ஆறாத துயரமும் பாட்டும்

அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகள் வேலையின் ஊடே பாடினார்கள். அதைக் கேட்ட வெள்ளையர் பலர், பாடுகிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டனர். அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரடெரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை மறுத்தார். மனம் மிகவும் நொந்திருக்கும்போதுதான் அடிமைகள் அதிகம் பாடுவார்கள் என்று எழுதினார். ஆறாத துயரத்தை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வது? கறுப்பினப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். ஒருவர் பதில் இன்னொருவருக்குப் பொருந்தவில்லை.

முதல் பதில், பொத்திவைப்பது. 1871-இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி பணமின்றித் தவித்தபோது, அதன் மாணவர்கள் ஒன்பது பேர் பாடி நிதி திரட்டக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெற்றோர் பாடிய ‘ஸ்பிரிச்சுவல்’ பக்திப் பாடல்களை மேடையேற்ற அவர்கள் முதலில் தயங்கினார்கள். அவை வழிபாட்டுக்கு உரியவை. கூடவே, மறக்க நினைத்த காலத்தின் வாசனையும் அவற்றில் இருந்தது. கடைசியில் அந்தப் பாடல்கள்தாம் கூட்டத்தைக் கட்டிப்போட்டன. அந்தப் பணத்தில் கல்லூரியில் எழுந்த ஜூபிலி ஹால் கட்டடம் இன்றும் நிற்கிறது.

கறுப்பினத்தவரின் ‘ப்ளூஸ்’ இசையோ எதையும் பொத்திவைப்பதில்லை. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு நன்றாக விற்ற பிறகே, கறுப்பினத்தவரும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. ப்ளூஸின் அமைப்பு எளிது: முதல் அடியில் குறை, இரண்டாம் அடியில் அதே குறை, மூன்றாம் அடியில் அதற்கு ஒரு பதில். சொன்னதையே திரும்பச் சொல்வது சோம்பல் அல்ல. மனம் நொந்தவர் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். 1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பதிவில், அவர் ஓர் அடியைப் பாடி நிறுத்தும் இடைவெளியில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் ஊதுகுழல் புகுந்து பேசுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்’ கொட்டுகிறவர்போல.

தாமஸ் டார்ஸி இந்த ப்ளூஸ் உலகத்து ஆள். ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் மதுக்கூடங்களில் பியானோ வாசித்தவர். பிறகு சிக்காகோவில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தினார். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். ஊர் திரும்பினார், பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. சில நாள் கழித்துப் பியானோ முன் உட்கார்ந்தவரின் கைக்கு ஒரு பழைய துதிப்பாடலின் மெட்டு வந்தது. அதிலிருந்து பிறந்தது ‘பிரெஷஸ் லார்ட்’. ஒரு வீட்டு இழவில் பிறந்த பாட்டு, பிறகு ஊர் இழவுக்கெல்லாம் போனது. 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸ் விடுதி ஒன்றின் மாடியில் நின்ற மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவு இதை வாசிக்கும்படி கீழே நின்ற சாக்ஸஃபோன் கலைஞர் பென் பிராஞ்சிடம் கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் குண்டு பாய்ந்தது. கிங்கின் இறுதிச் சடங்கில் இதைப் பாடியவர் மஹாலியா ஜாக்சன். 1972-இல் மஹாலியா இறந்தபோது பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின்.

ஆறுதலே தராத பாட்டும் உண்டு. கறுப்பினத்தவரைக் கும்பலாக அடித்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றியது ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற யூதப் பள்ளி ஆசிரியர். 1939-இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் பில்லி ஹாலிடே இதைப் பாடினார். அதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். இது கடைசிப் பாட்டு. தொடங்குமுன் பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்துவார்கள். விளக்குகள் அணைந்து, பாடகியின் முகத்தில் மட்டும் ஒரு சிறு ஒளி விழும். பாடி முடித்து அவர் போய்விட்டால், எவ்வளவு கைதட்டினாலும் திரும்பி வரமாட்டார். குடிக்கவும் சிரிக்கவும் வந்தவர்களை அந்தக் காட்சியோடு அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய வழக்கமான நிறுவனமான கொலம்பியா இதைப் பதிவு செய்ய மறுத்தது; கமடோர் என்ற சிறு நிறுவனம் செய்தது.

சாம் குக் விஷயம் வேறு. ‘காஸ்பெல்’ என்ற தேவாலயப் பாட்டுகள் பாடிப் பிறகு காதல் பாட்டுகளால் புகழும் பணமும் சேர்த்தவர். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், முன்பதிவு செய்திருந்த விடுதியில் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. சத்தம் போட்டார், அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்யப்பட்டார். புகழ் எந்தக் கதவுவரை செல்லும் என்பது அன்று தெரிந்தது. சில மாதங்களில் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பதிவானது. பட்டை தீட்டிய வயலின்களுக்கு நடுவே, நம்பிக்கையும் களைப்பும் ஒரே குரலில் கேட்கும். 1964 டிசம்பர் 11 அன்று குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் பாட்டு தனித்தட்டாக வந்தது. ஆனால் நிறப் பாகுபாட்டை நேராகச் சொல்லும் ஒரு சரணம் மட்டும் அதில் இல்லை.

கோபமும் ஒரு பதில்தான். 1963-இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு நீனா சிமோன் எழுதிய ‘மிசிசிப்பி காட்டாம்’, நாடகமேடைப் பாட்டின் துள்ளலில் சாபமிடுகிறது. ஓட்டிஸ் ரெட்டிங் ஆண் குரலில் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, 1967-இல் அரீத்தா கைக்கு வந்ததும் பெண்ணின் உரிமைக் குரலானது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) கத்தாமல் கேள்வி கேட்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அவருடைய தம்பியின் அனுபவமும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’, அதுவரை பெரிதும் கொண்டாட்ட இசையாக இருந்த ராப்பில் பிராங்ஸ் தெருக்களின் வறுமையைப் பேசியது. 2015-இல் கென்ட்ரிக் லமாரின் ‘ஆல்ரைட்’ போலீஸ் வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் முழக்கமானது.

இந்தப் பாட்டுகள் சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொன்னால் மிகை. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் அமெரிக்க மத்தியச் சட்டம் 2022 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஹாலிடேயின் பாட்டு பதிவாகி அப்போது ஏறக்குறைய 83 ஆண்டுகள் ஆகியிருந்தன.