உடல் நலம் ஓர் அறமா?

உடலைப் பேணுதல் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பேணப்பட்ட உடல் பெருமைக்குரியதா, நலிந்த உடல் பழிக்குரியதா என்று கேட்டால் விடை அத்துணை எளிதாகக் கிட்டுவதில்லை. ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள் வைகறையில் காலணி பூட்டிக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர், பத்துக் கிலோமீட்டர் என்று ஓடி வருவது இன்று வியப்புக்குரிய காட்சியன்று. அவர்களைக் காணும்போது நம் உள்ளத்தில் எழும் மதிப்பு எத்தகையது? நற்செயல் புரிந்தார் ஒருவரைக் காணும்போது எழுவதா, நற்பேறு பெற்றார் ஒருவரைக் காணும்போது எழுவதா? இவ்விரண்டையும் பிரித்தறியாது விடுவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

முதியோர் ஓடுவது என்பதே அண்மைக்கால வழக்கம்தான். 1962இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளரின் தூண்டுதலால் மெதுவோட்டக் கழகம் ஒன்று தோன்றிற்று. வெற்றிக்காக அன்றி, உடன் வருவோரோடு பேசிக்கொண்டே ஓடுவது அவர்கள் முறை. அவ்வாண்டின் இறுதியில் அங்கே சென்றிருந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், எழுபதைக் கடந்த ஒருவருக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் மூச்சுத் திணறிப் பின்தங்கினார். நாணம் நல்லாசான் போலும்! அவர் ஊர் திரும்பியதும் ஒரிகன் மாநிலத்தில் அவ்வழக்கத்தைப் பரப்பலானார்.

இதனால் பயன் உண்டா எனின், உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1984 முதற்கொண்டு, ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும், ஓட்டக் கழகம் எதையும் சாராத பிறரையும் ஆண்டுதோறும் விசாரித்து வந்தனர். பத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் பார்த்தபோது ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 34 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். 2008இல் வெளியான அம்முடிவுகளில் இதனினும் கருதத்தக்கது வேறொன்று: எழுந்து நிற்கவும் நடக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை, ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தாழ்ந்தே வந்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஐம்பது வயதில் ஓட்டக் கழகத்தில் சேர்கிறவர் பெரும்பாலும் ஓடக்கூடிய உடலை முன்னரே பெற்றிருப்பவர். ஓட்டம் நலத்தைத் தந்ததா, நலம் ஓட்டத்தைத் தந்ததா என்பதைக் கணக்கியலார் எவ்வளவு முயன்றாலும் முற்றாகப் பிரித்தெடுத்தல் அரிது.

இங்கே ஜிம் ஃபிக்ஸின் வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நியூயார்க் நகரத்து இதழாசிரியரான அவர், முப்பத்தைந்தாம் வயதில் நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைப்பவராகவும் மிகை எடையுடையவராகவும் இருந்தார். அவர் தந்தைக்கு அதே முப்பத்தைந்தில் மாரடைப்பு நேர்ந்தது. நாற்பத்து மூன்றில் அவர் மாண்டார். மகன் புகையை விட்டொழித்தார்; ஓடத் தொடங்கினார்; உடல் மெலிந்தது. 1977இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்று, இலட்சக்கணக்கானோரைத் தெருவில் இறக்கியது. 1984 ஜூலை 20இல் வெர்மான்ட் மாநிலத்துச் சாலையொன்றில் ஓடச் சென்ற அவர் மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் தமனிகள் பெரிதும் அடைபட்டிருந்தமை தெரிந்தது.

செய்தி பரவியதும் உலகம் இரு கூறாகப் பிரிந்தது. ஓடாதவர்கள் நகைத்தனர், தம் சாய்வு நாற்காலிக்கு நியாயம் கிடைத்துவிட்டதாக எண்ணினர். ஓடுகிறவர்களோ அவரிடத்தில் குற்றம் தேடினர்: மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும், இளமையில் புகைத்திருக்கக் கூடாது, உணவில் கருத்துச் செலுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் பேசினர். நகைத்தவர்களைவிடக் குற்றம் தேடியவர்களின் போக்கே நமக்கு அதிகக் கவலை தருகிறது. ஏனெனில், அவர்கள் காக்க முயன்றது ஒரு கணக்கை. முறையாக நடப்பவனுக்கு நோய் வாராது. வந்தால் அவன் எங்கோ முறை தவறியிருக்கிறான் என்னும் கணக்கு அது. அதனை ஒப்புக்கொண்டால், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார் என்றாகிவிடும். சர்க்கரை நோயென்று கேட்டவுடன் ‘வாயைக் கட்டவில்லையா?’ என்று வினவும் உறவினரிடத்தும் இக்கணக்கே குடிகொண்டிருக்கிறது. நோயாளிக்கு நோயோடு வெட்கத்தையும் சேர்த்துத் தருவது எவ்வகை நலம்?

இக்கணக்கின் பொய்ம்மையை இலண்டன் நகரப் பேருந்துகளைக் கொண்டே விளக்கலாம். ஜெர்மி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரைவிட நடத்துநர்க்கு இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். (பணியில் சேரும்போதே ஓட்டுநர்களின் சீருடைக் கால்சட்டை அகலமாக இருந்ததையும் மாரிஸே பின்னர் கண்டு சொன்னார், அத்தகைய நேர்மை ஆராய்ச்சிக்கு அழகு.) அந்த நடத்துநர் நலத்தை நாடிப் படியேறினாரல்லர், கூலிக்காக ஏறினார். அவரது இதயம் வலிவுற்றதற்காக நாம் அவரை அறவோர் என்போமா? அமர்ந்து வண்டியோட்டிக் குடும்பத்தைக் காத்தவரை அறம் பிழைத்தார் என்போமா? ஒருவரது உடல் நலத்தைக் கொண்டு அவரது ஒழுக்கத்தை அளத்தல், நிழலைக் கொண்டு ஆளை எடைபோடுவது போன்றதே.

அங்ஙனமாயின் உடலைப் பேணுதல் கடமை என்று தொடக்கத்தில் சொன்னது என்னாயிற்று என வாசகர் வினவலாம். நம் வழக்கில் உடலை அமானிதம் என்கிறோம். பிறர் பொருளை நம்பி ஏற்றவன் அதனைக் காக்கக் கடமைப்பட்டவன். காத்தும் அது பழுதுபட்டால் அவன்மீது குற்றமில்லை. பேணுவது நம் பொறுப்பு. நீடிப்பது நம் பொறுப்பன்று. அமானிதத்துக்கு இன்னோர் இயல்பும் உண்டு: அது திருப்பித் தரப்படவேண்டியது. அதனைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள முனைகிறவன் அதனை அழிய விடுகிறவனைப் போலவே வரம்பு மீறுகிறான். முதுமையே தன்னைத் தீண்டாது என்ற எண்ணத்தோடு ஓடுகிறவரை இவ்விரண்டாம் வகையிற் சேர்க்கலாமோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

ஆனால், நெடுந்தொலைவு ஓட்டமே அந்த எண்ணத்துக்கு மருந்தாகவும் அமைந்திருப்பது விந்தை. பிற துறைகளில் முதுமையை மறைத்துக்கொள்ள வழியுண்டு. முடிக்குச் சாயம் உண்டு, பதவிக்கு நீட்டிப்பு உண்டு. கடிகாரத்தோடு ஓடுகிறவர்க்கு எதுவும் இல்லை. உடல் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் திறன் முப்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. பயிற்சி அவ்வீழ்ச்சியைத் தணிக்கலாம், தடுக்க இயலாது. சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு எத்துணை மெதுவாயிற்று என்பது நிமிடமும் நொடியுமாக எழுதப்பட்டுக் கையில் தரப்படுகிறது.

கனடாவின் எட் விட்லாக் இதற்குத் தக்க சான்று. இலண்டனுக்கு அருகே 1931இல் பிறந்து, சுரங்கப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2003இல், எழுபத்திரண்டாம் வயதில், 42.195 கிலோமீட்டர் மராத்தானை 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் ஓடினார். எழுபதைக் கடந்தவருள் மூன்று மணிக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. அடுத்த ஆண்டு டொரன்டோவில் 2 மணி 54 நிமிடம் 48 நொடி. 2016இல் அதே நகரில், எண்பத்தைந்தாம் வயதில், அதே தொலைவுக்கு 3 மணி 56 நிமிடம் 34 நொடி. அதுவும் அவ்வயதுக்கு அந்நாளில் உலகச் சாதனை. இருப்பினும் முன்னதைவிட ஒரு மணியும் ஏறத்தாழ இரண்டு நிமிடமும் மிகுதி என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்?

அவரிடம் உபதேசம் ஏதுமில்லை. பயிற்சியாளர் இல்லை, தனி உணவு முறை இல்லை, காலணிகளோ பல்லாண்டுப் பழையவை. அன்றாடப் பயிற்சி சலிப்பூட்டுவது என்று சொல்ல அவர் தயங்கியதுமில்லை. மில்டன் என்னும் சிற்றூரில் தம் வீட்டுக்கு அருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் சிறு பாதையிலேயே, சில நாட்களில் மூன்று மணி நேரம் வரையிற்கூட, சுற்றிச் சுற்றி ஓடுவார். அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஆழ்ந்த தத்துவம் எதையும் அவர் கூறவில்லை. வீட்டுக்கு அண்மை, வாகனத் தொல்லை இல்லை என்றே காரணம் சொன்னார். டொரன்டோ ஓட்டம் முடிந்த ஐந்தாம் மாதம், 2017 மார்ச்சில், புற்றுநோயால் காலமானார். ஃபிக்ஸிடம் குற்றம் தேடியவர்கள் இவரிடத்தில் எதைத் தேடுவர் என்பது நமக்கு விளங்கவில்லை.