இடிப்பதா, எடுத்து நிறுத்துவதா?

ஊர் நடுவே பழைய அரங்கம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது, சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. இடித்துத் தள்ளிவிட்டு உருப்படியாக ஏதாவது கட்டலாமே என்கிறார் ஒருவர். முன்னோர் விட்டுப்போன சொத்து, ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்கிறார் இன்னொருவர். இருவரும் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்குள் என்ன நடந்தது, இனி என்ன நடக்கலாம் என்ற பேச்சு அபூர்வமாகவே எழுகிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை எனக்குள் நெடுங்காலம் எழுப்பிக்கொண்டே இருந்தது சென்னையின் விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அருகே, செங்கல் சிவப்பில், கேரளக் கூரை சாயலில் முடியும் கோபுரத்தோடு நிற்கும் கட்டடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்து ஊர்ந்து நகரும்போதெல்லாம் ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ லட்சம் பேர் அப்படிப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே போனவர்கள் மிகக் குறைவு.

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் நகரப் பிரமுகர்கள் கூடி, சென்னைக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். பலருடைய நன்கொடையில் எழுந்த மண்டபம் அது. வரைபடம் கட்டடக் கலைஞர் சிஷோமுடையது, கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. மொத்தமாக ஆண்டுக்கு 28 ரூபாய் சொச்சம். அந்தக் காலக் கணக்கிலும் அது பெயரளவுக்கான தொகைதான். ஜனங்கள் கூடும் இடத்திலிருந்து லாபம் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அந்த எட்டணாவில் இருக்கிறது. இன்றைக்கு நாம் திரும்பக் கற்க வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.

மேலும் கீழுமாக இரண்டு பெரிய கூடங்கள். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மேலே மரத்தாலான காலரி. 1897இல் விவேகானந்தர் இங்கே பேசினார். சலனப்படம் சென்னைக்கு வந்த புதிதில் அதைக் காட்டிய இடங்களில் இதுவும் உண்டு. எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது நாடகம்தான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை பல ஆண்டுகள் இங்கே குடியிருந்தது. நாடகக்காரன் என்றால் திண்ணையில்கூட உட்காரவைக்கத் தயங்கிய காலம் அது. அந்தக் காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். ‘கூத்தாடி’ என்ற ஏளனம் கொஞ்சமாவது தணிந்ததில் இந்த மேடைக்குப் பங்குண்டு.

அந்த நாற்காலிகள் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்கக் காசு வேண்டும். காசு இருந்தாலும் சாதியும் உடுப்பும் குறுக்கே நின்ற காலம். மண்டபத்துக்கு வைத்த பெயரும் நம்மை ஆண்ட ராணியின் பெயர். அவளுக்காகவா மக்கள் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நன்கொடை கொடுத்தவர்களும் கல் சுமந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் நம்மவர்கள். அன்று கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உரிமையோடு உள்ளே நுழைய வேண்டுமானால், முதலில் கதவு என்று ஒன்று மிஞ்ச வேண்டும்.

இப்படிப்பட்ட கட்டடம் எப்படிப் பாழாகிறது? ஓர் இரவில் நடப்பதில்லை. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பூசும் மெட்ராஸ் டெரஸ் கூரைகள் நூறாண்டு தாங்கக்கூடியவை. அவற்றுக்கு எதிரி தேங்கும் தண்ணீர். மழைநீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டால் நீர் மாடியில் தேங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனிக்கு இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் உத்திரம் திடமாகத்தான் தெரியும். நுனி உள்ளே உளுத்துப்போயிருக்கும். காக்கை எச்சத்தில் வந்த அரச விதை சுண்ணாம்புச் சாந்தின் ஈரத்தைக் குடித்து வளரும். அப்புறம் யாரோ ஒருவர் அவசரத்துக்குச் சிமெண்ட் பூசிவிடுவார். பழைய வீடுகளைச் சீர்செய்யும் கொத்தனார் ஒருவர் என்னிடம் சொன்னார்: “சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விட்டுடும் சார். சிமெண்ட் உள்ளேயே பூட்டி வச்சிக்கும். சுவரு உள்ளுக்குள்ளயே அழுவும்.”

குழாய் அடைப்பை எடுக்கச் சில நூறு ரூபாய் போதும். அதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் ஆயிரங்கள், பத்து வருஷம் தள்ளிப்போட்டால் லட்சங்கள், பிறகு கோடிகள். கடைசியில் ஒரு பொறியாளர் வந்து பார்த்து, ‘ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று எழுதுவார். அவர் எழுதுவது உண்மை. ஆனால் இடிக்கும் முடிவை அவர் எடுக்கவில்லை. பராமரிப்புக் கோப்பு ஒவ்வோர் ஆண்டும் மேசை மாறி மேசை போய்த் திரும்பியபோதே அது முடிவாகிவிட்டது. யாரும் பொறுப்பேற்காமல், யாரும் கையெழுத்திடாமல் எடுக்கப்படும் முடிவு இது. இடிப்பதா வேண்டாமா என்று ஊர் விவாதிக்கும் நாளில், நாம் ஏற்கெனவே ரகசியமாகச் சொல்லிவிட்ட பதிலைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இடிக்கச் சொல்பவர்களின் வாதங்களை ஒதுக்கிவிடவும் என்னால் முடியாது. விக்டோரியா ஹாலைப் புதுப்பிக்கும் வேலையைச் சென்னை மாநகராட்சி 2023இல் எடுத்துக்கொண்டபோது அதற்கு ஒதுக்கிய தொகை 32 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறை கட்டலாம் என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்குக் கலை வரலாற்றைப் பதிலாகச் சொல்ல எனக்கு வாய் வராது. தனியார் அரங்கின் கதையும் வேறு. மதுரையில் 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று பெயரெடுத்தது, இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. காலி நாற்காலிகளுக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டே இரு என்று ஓர் உரிமையாளரை ஊர் கட்டாயப்படுத்த முடியாது. அவருடைய நஷ்டத்தில் பங்குகொள்ளாத நாம், அவருடைய முடிவில் மட்டும் பங்கு கேட்பது நியாயமில்லை.

பொதுச் சொத்தின் நியாயம் வேறு. சென்னை வாலாஜா சாலையில் பாலர் அரங்கம் இருந்தது. பெயருக்கேற்பக் குழந்தைகளுக்கான அரங்கம். பின்னால் கலைவாணர் அரங்கம் ஆயிற்று. அதை இடித்துக் கட்டிய புதிய கலைவாணர் அரங்கம் 2016இல் திறந்தது. பெரிய கட்டடம், வசதியான கட்டடம். கொரோனா காலத்தில் சட்டமன்றமே அங்கே கூடியது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் குழந்தைகளுக்கென்று ஊர் ஒதுக்கிக்கொடுத்த ஓர் அரங்கம் இன்று அந்த இடத்தில் இல்லை. செங்கல் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய இழப்பு. இடிக்கும்போது முதலில் உடைவது, இந்த இடம் இன்னாருக்கு என்று ஊர் கொடுத்த வாக்கு.

பழையதை எடுத்து நிறுத்துங்கள் என்று நான் வாதாடும் காரணம் இதுவே. சிஷோமின் வளைவுகள் அழகானவை. அழகுக்காக மட்டும் நான் கேட்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் மண்டபம், இந்த நிலம் ஜனங்கள் கூடுவதற்கானது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. அது தரைமட்டமானதும் மிஞ்சுவது வெறும் மனை. மனை என்று ஆகிவிட்டால் சதுர அடி விலையைத் தவிர வேறு பேச்சு எடுபடாது. மெட்ரோவும் வாகன நிறுத்தமும் வணிக வளாகமும் போட்டிக்கு வந்து நிற்கும் இடத்தில் நாடகக் குழுவின் குரல் யாருக்குக் கேட்கும்? அதே வட்டாரத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் எழுந்தது புறநகர் ரயில் வளாகம். ரயில் தேவைதான். ஆனால் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன பழைய புத்தகக் கடைகளோடு அந்தச் சந்தையின் உயிர் சேர்ந்து போகவில்லை. காலி செய்த நிலத்தில் பழைய வாக்கை மறுபடி நட்டுவைப்பது எவ்வளவு கடினம் என்று சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எடுத்து நிறுத்த முடியும் என்பதற்கும் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டர், ஹென்றி இர்வின் வடிவமைத்தது. 1896இல் கட்டி முடிந்தது. ஏறக்குறைய விக்டோரியா ஹாலின் வயது. அங்கே இன்றும் நாடகம் நடக்கிறது. ஒரே ஊர், அதே கடற்காற்று, அதே வடகிழக்குப் பருவமழை. ஒன்று பிழைத்ததற்கும் மற்றொன்று நலிந்ததற்கும் பல காரணங்கள் உண்டு. குத்தகைச் சிக்கலும் வழக்கும் விக்டோரியா ஹாலை நெடுங்காலம் முடக்கின. இருந்தாலும் ஒன்று நிச்சயம். வாரந்தோறும் ஆட்கள் வந்துபோகும் கூடத்தில் ஒழுகும் இடம் உடனே கண்ணில் படும். மேலிருந்து சொட்டும் தண்ணீரைத் தலையில் வாங்கியவர் புகார் சொல்வார். பூட்டிய கூடத்தில் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும்.

ஆகவே புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டவும் நான் தயாரில்லை. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, நாடா வெட்டி, மறுநாளே பூட்டிவிட்டால் அடுத்த பாழுக்கு அன்றே அடிக்கல் நாட்டியாயிற்று. எந்த ஊர் அரங்கம் சீராகித் திறந்தாலும் நான் கேட்க விரும்பும் கேள்விகள் எளியவை. கல்லூரி மாணவர்களின் நாடகக் குழு கட்டக்கூடிய வாடகையா? தெருக்கூத்துக்காரர்களுக்கும் பறையிசைக் கலைஞர்களுக்கும் மேடை உண்டா? சக்கர நாற்காலியில் வருகிறவர் மேல்தளத்துக்கு எப்படிப் போவார்? பெண்கள் இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து இருக்குமா? கழிப்பறையில் தண்ணீர் வருமா? இதற்கெல்லாம் பதில் இருந்தால், கழிப்பறைக் கணக்குக் கேட்ட அந்தத் தாயிடமும் நான் தயங்காமல் பேசுவேன். உன் பிள்ளை மேடையேறவும் ஓர் இடம் வேண்டும் அம்மா, பள்ளிக்கூடம் கொடுப்பதில் பாதியை அது கொடுக்கும் என்பேன். பதில் இல்லையென்றால் அவள் கேட்டதே நியாயம்.

பராமரிப்பு என்பது புகழ் தராத வேலை. திறந்துவைத்தவரின் பெயர் கல்வெட்டில் ஏறும். ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டி, குழாயைச் சுத்தம் செய்து, அரசங்கன்றை வேரோடு பிடுங்கிய ஊழியரின் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் நூறாண்டு நிற்கும் எதுவும் அப்படிப்பட்ட கைகளால்தான் நின்றிருக்கிறது. தொடங்குவதைக் கொண்டாடும் நாம் தொடர்வதைக் கொண்டாடுவதில்லை. கட்டடத்தில் மட்டுமா? நட்பிலும் சங்கத்திலும் நூலகத்திலும் நம் குறை இதே குறைதான்.

எனவே என் பதில் நிபந்தனையோடு கூடியது. பொது அரங்கத்தை எடுத்து நிறுத்துங்கள். கட்டுமானம் இனித் தாங்கவே தாங்காது என்று திறமையும் நேர்மையும் உள்ளவர்கள் சொன்னால் மட்டும் இடியுங்கள். இடித்தால் அதே ஜனங்களுக்கு அதே பயனுக்கான இடத்தை அங்கேயே கட்டிக்கொடுங்கள். எதைச் செய்தாலும் ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனி ஒதுக்கீட்டை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி வையுங்கள். அந்த ஒதுக்கீடு ஒவ்வோர் ஆண்டும் செலவாயிற்றா என்று மன்றத்தில் கேட்பது கவுன்சிலரின் வேலை. அவரைக் கேட்கவைப்பது நம் வேலை. சீரான அரங்கில் நாடகம் நடக்கும்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்காருவதும் நம் வேலைதான். நாம் போகாத மண்டபத்தை எந்த அரசாலும் நெடுநாள் காப்பாற்ற முடியாது.