அம்மைப்பாலும் பழைய ஏடும்

நன்மை விளையுமாயின் பொய் சொல்லலாமா? இவ்வினாவுக்கு விடை எளிதென்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் எழும்பியிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, எட்டு வயதுச் சிறுவனொருவன் கையில் கீறி வைத்தார். சில வாரங்கள் கழித்து வைசூரி நீரையே ஏற்றியும் அவனை நோய் பற்றவில்லை. (சிறுவனின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பது வேறொரு நாள் பேசவேண்டியது.) 1802-இல் அந்த அம்மைப்பால் பம்பாய்க்கு வந்தது; விரைவிலேயே சென்னைக்கும் வந்தது. மாரியாத்தாள் விளையாட்டென்று வேப்பிலை கட்டி அடங்கியிருந்த நம் முன்னோர், வெள்ளைக்காரன் கத்தி முனைக்குக் கை நீட்டத் தயங்கினர்.

சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, திருக்குறளின் ஒரு பகுதிக்கு உரை வகுத்த அறிஞர். அம்மை குத்துதலைப் பற்றி வடமொழியில் ஒரு செய்யுளைத் தாமே புனைந்து, பழந்தாளில் எழுதி, பண்டை நூலொன்று கிடைத்ததாகப் பரப்பினார் என்பது பின்னோர் எழுதிவைத்த செய்தி. பசு தந்த மருந்தென்றால் பிராமணரும் மறுக்காரன்றோ!

குற்றமற்ற நன்மை தரும் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்று வள்ளுவரே இடங்கொடுத்தாரே எனச் சிலர் வினவுவர். உயிர் காக்க முனைந்தவரைப் பழிக்க நாமும் துணியோம். ஆயினும் அந்நன்மை குற்றமற்றதாய் நின்றதா? 1819-இல் சென்னைக் கூரியர் பத்திரிகையில், தன்வந்திரி நூலிலேயே அம்மை குத்தும் முறை உளதென்று ஒரு கடிதம் வெளிவந்தது. 1905-இல் கிண்டியில் கிங் நிலையத்தைத் திறந்துவைத்த கவர்னர் ஆம்ப்தில் பிரபுவும் தன்வந்திரியைச் சுட்டிப் பேசினார். ஜனங்களை மருந்துக்கு இணங்கவைக்க உதவிய இவ்வகைக் கதை, எல்லாம் நம் ஏட்டில் உண்டு, இனி ஆராய்ச்சி எதற்கு என்னும் வீம்புக்கு உரமாயிற்று.

2020-இல் கொரோனா பரவியபோது, நம் சுங்கை பூலோ மருத்துவமனையே அந்நோய்க்குத் தலையாய இடமாயிற்று. மறு ஆண்டு தடுப்பூசி வந்தது. தயங்கி நிற்கும் தோட்டத்துப் பாட்டியொருத்தியிடம், "இது சித்தர் ஏட்டில் சொன்னதுதான், ஆத்தா" என்றால் உடனே கை நீட்டியிருப்பாள். மறுநாள் வேறொருவன், கஷாயமே போதுமென்று இன்னோர் ஏட்டோடு வந்தால் எதைக் காட்டி அவளைத் தடுப்போம்? ஏட்டை நம்பக் கற்பித்தவர் நாமல்லவா?

நடந்ததை நடந்தபடி சொன்னால் அவளுக்கு விளங்காதென்பார், முதலில் பேசிப் பார்க்கட்டும். ஆயுள் முழுதும் பால்மரம் சீவியவள் அவள். பட்டையை எவ்வளவு ஆழம் கீறினால் பால் வரும், எவ்வளவு மிஞ்சினால் மரம் கெடும் என்பதை எந்த ஏட்டைப் பார்த்தும் கற்றவளல்லள்.